முதல் பரிசு: ஈட்டித் துப்பாக்கி

எனக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் ஃபிஜித் தீவின் நாடி நகரில் இருந்தபோது மூன்று வருடம் ஒரு மீன்பிடி கிளப்புக்குச் செயலாளராக இருந்தேன். இங்கிலீஷில் கடிதம் எழுத அங்கே ஆள் இல்லை என்பது ஒரு காரணம். கிளப் கூடுகிற தகரக் கொட்டகை எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது என்பது இன்னொரு காரணம்.

நானும் கணவரும் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்த வேலைக்கு வந்தவர்கள். அவருக்கு விமான நிலையத்தில் மின்சாரப் பிரிவு. எனக்கு உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல். கரும்புக் காட்டை ஒட்டி ஒரு வீட்டின் பின்பகுதியில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். அவருடைய தாத்தா மதராஸிலிருந்து கப்பலில் கரும்பு வெட்ட வந்தவர். பிள்ளைகள் வீட்டில் ஹிந்திதான் பேசினார்கள். அவரும் மனைவியும் மட்டும் கோவிலிலும் என்னோடும் தமிழ் பேசுவார்கள். ஆற்காட்டுப் பக்கத்துப் பேச்சு, நடுநடுவே ஹிந்தி. நான் அவரை அண்ணன் என்று கூப்பிட்டேன். அவர் என்னை விடப் பதினைந்து வயது மூத்தவர் என்றாலும் என்னை டீச்சர் என்றுதான் சொல்வார்.

ஒரு சனிக்கிழமை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கொட்டகையில் காலையிலிருந்து இரும்பை அரத்தால் ராவுகிற சத்தம். பொறுக்க முடியாமல் சண்டை போடப் போனேன். அண்ணன் ஒரு சின்ன எஃகுப் பெட்டியை என் உள்ளங்கையில் வைத்தார். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. ஒரு பக்கம் ஒரு கொக்கி, கீழே ஒரு நாக்கு.

"நாக்கை இழுங்க டீச்சர்."

இழுத்தேன். எந்த முரண்டும் இல்லாமல் கொக்கி சட்டென்று விலகியது. திரும்ப அழுத்தினேன், பூட்டிக்கொண்டது. நான் அதை ஏழெட்டு தடவை செய்து பார்த்தேன்.

"இன்னாத்துக்குண்ணே இது?" அவருடைய பேச்சு என்னையும் தொற்றியிருந்தது.

"ஈட்டி விடுற துப்பாக்கி. தண்ணிக்குள்ள மீன் புடிக்க."

அவர் கட்டையைக் காட்டினார். நாலடி நீளம். முன்முனையில் தடித்த ரப்பர் குழாய் கோக்க இரண்டு துளைகள். ரப்பரை இழுத்து எஃகு ஈட்டியின் வெட்டில் மாட்டினால், ஈட்டியின் வால் அந்தக் கொக்கியில் பூட்டி நிற்கும். நாக்கை இழுத்தால் ஈட்டி பாயும். வெடிமருந்து எதுவும் கிடையாது. கிளப் படகுக்கு நல்ல மோட்டார் வாங்க டிக்கெட் விற்று ஒரு ராஃபிள் குலுக்கல் நடத்தப் போகிறார்கள், அதன் முதல் பரிசு இது. ரப்பரைத் தவிர எதையும் கடையில் வாங்குவதில்லை என்பது அவர்களே போட்டுக்கொண்ட விதி. கட்டையை ஒரு தச்சர் செய்கிறார். விசையை அண்ணன் செய்கிறார். ஓட்டலில் படகு ஓட்டுகிற பூர்வகுடி ஃபிஜியர் ஒருவர் ஈட்டியையும், மீன் நழுவாமல் தடுக்கிற அதன் முள்ளையும் செய்கிறார், கடலில் சோதிப்பதும் அவர் வேலை. மற்றவர்கள் தேய்ப்பார்கள், எண்ணெய் பூசுவார்கள், நூல் சுற்றுவார்கள்.

சண்டை போடப் போனவள் அன்றே உறுப்பினராகிவிட்டேன்.

எனக்கும் ஒரு வேலை வந்து சேர்ந்தது. ஈட்டி போன பிறகு துப்பாக்கி மிதக்க வேண்டும், அதுவும் கைப்பிடி மேலே இருக்கும்படி, என்று படகுக்காரர் சொன்னார். அவர் பேசியது ஃபிஜி ஹிந்தி. "மூச்சு முடிஞ்சு மேலே வரும்போது தேடிக்கிட்டு இருக்க முடியாது. கை நீட்டினா பிடி கிடைக்கணும்." மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் சிமெண்டுத் தொட்டியில் கடல் நீருக்குச் சமமாக உப்பைக் கரைத்து, கட்டையை மிதக்கவிட்டு, எங்கே எவ்வளவு மரத்தைக் குடைய வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அன்று முழுவதும் மாடு தண்ணீர் குடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

தச்சர் நாடிக்காரர், அதிகம் பேச மாட்டார். மூன்று மகோகனிப் பலகைகளை ரேகை மாற்றி மாற்றி ஒட்டிக் கட்டையைச் செய்திருந்தார். அப்போதுதான் உப்புத் தண்ணீரில் வளையாது. நான் சொன்ன இடத்தில் குடைந்தார், மறுபடி மிதக்கவிட்டோம், இன்னும் ஒரு நூல் என்றேன். முகம் கோணாமல் ஐந்து தடவை குடைந்தார். ஆறாவது தடவை கைப்பிடி நிமிர்ந்து நின்றது. அண்ணன் கை தட்டினார். தச்சர் தொட்டியிலிருந்து கட்டையை எடுத்துத் தன் சட்டையாலேயே துடைத்தார்.

அந்த மே மாதம்தான், இந்திய வம்சாவளியினர் அதிகம் இருந்த புது அரசைக் கவிழ்க்க, ராணுவம் பாராளுமன்றத்துக்குள் போனது. நான் ஒன்பதாம் வகுப்பில் ஒளிவிலகல் நடத்திக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்று, "பாடத்தை முடித்துவிட்டு வாருங்கள்" என்றார். ரேடியோவில் அணிவகுப்புப் பாட்டு மட்டும் வந்துகொண்டிருந்தது. பிற்பகலில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினோம். தலைநகர் சுவாவில் இந்தியர் கடைகளை உடைத்தார்கள் என்று பேருந்து ஓட்டுநர்கள் சொன்னார்கள். எங்கள் பக்கம் கரும்பு வெட்ட மாட்டோம் என்று விவசாயிகள் உட்கார்ந்துவிட்டார்கள்.

மூன்று வாரம் கொட்டகை திறக்கவில்லை. கிளப்பில் ஃபிஜியர்கள் ஏழெட்டுப் பேர். யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் யாரும் வரவுமில்லை. நாலாவது சனிக்கிழமை படகுக்காரர் மட்டும் வந்தார். வாசலில் நின்றபடியே அண்ணனைப் பார்த்தார்.

"என் தம்பி ராணுவத்தில் இருக்கான். உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்" என்றார் அண்ணன்.

"நான் வரலாமா?"

அண்ணன் உள்ளே போய் ஈட்டிக் கம்பியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். "முள்ளு இன்னும் ஆடுது. பாரு" என்றார். படகுக்காரர் அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முள்ளைப் பார்க்க ஆரம்பித்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தது இவ்வளவுதான். அடுத்த வாரம் பன்னிரண்டு பேர் வந்தார்கள்.

அந்த வருடக் கடைசியில் ஞாயிற்றுக்கிழமைச் சட்டம் வந்தது. கிறிஸ்தவர்களின் ஓய்வுநாள் என்பதால் ஞாயிறன்று கடை கூடாது, விளையாட்டு கூடாது, கடற்கரைக்குப் போய்ச் சோறு தின்பது கூடக் கூடாது. கிளப்புக்கு ஒழிவது ஞாயிறுதான். அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். அறுப்பது, அடிப்பது, ராவுவது எல்லாம் சனிக்கிழமை. ஞாயிறன்று சத்தமில்லாத வேலை. கதவைச் சாத்திக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து உப்புத்தாளால் மரத்தைத் தேய்ப்போம். ஆளுக்குக் கால் மணி நேரம், பிறகு அடுத்தவர் மடிக்கு மாற்ற வேண்டும். பேசினால் வெளியே கேட்கும் என்று பேசவும் மாட்டோம். அந்தக் கட்டைக்கு அப்படி ஒரு வழவழப்பு வந்ததற்கு அந்தச் சட்டம்தான் காரணம் என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பார்.

தச்சருக்குக் கனடா விசா வந்தது. கடைசியாக ஈட்டி படுக்கிற பள்ளத்தை இழைத்துக் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டினார். "சரியா இருக்கு" என்றார். அதற்கு மறுநாள் விமானம். உளிகளைக் கொண்டுபோகவில்லை. கொட்டகை ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போனார்.

இனி நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும்.

ராஃபிள் டிக்கெட்டுக்கான வாசகத்தை எழுதிக் கொடுத்தது நான். கையால் செய்த ஈட்டித் துப்பாக்கி என்று இங்கிலீஷில் எழுதினேன். அச்சகத்தில் இடம் போதவில்லை என்று ஒரு வார்த்தையை வெட்டிவிட்டார்கள். பிழை பார்க்க எனக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே எண்களை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். 'முதல் பரிசு: கையால் செய்த துப்பாக்கி' என்று டிக்கெட் வந்தது. கட்டுகளைப் பிரித்து நாடி முழுவதும், சுவா வரை, ஆட்களிடம் கொடுத்தும் விட்டோம்.

அதே நேரம் துறைமுகத்தில் ஆயுதங்கள் பிடிபட்டதாகச் செய்தி வந்தது. ராணுவம் கரும்புக் காடுகளில் வீடு வீடாகத் தேட ஆரம்பித்தது. பறவை விரட்ட வைத்திருந்த பழைய துப்பாக்கிகளைக் கூடப் பிடுங்கினார்கள். மெத்தையைக் குத்திப் பார்த்தார்கள், நெல் மூட்டையைக் கவிழ்த்தார்கள். ஒரு மாணவனின் அப்பாவை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். அவன் மூலமாகத்தான் எனக்கு விஷயம் உறைத்தது. "டீச்சர், துப்பாக்கி டிக்கெட் உங்க கிட்டதான் கிடைக்குமா?" என்று வகுப்பில் எல்லார் முன்னிலும் கேட்டான்.

பள்ளி விட்டதும் ஓடி வந்து அண்ணனிடம் சொன்னேன். கிளப்பைக் கூட்டினார்கள். எரித்துவிடலாம் என்றார் ஒருவர். கடலில் போட்டுவிடலாம் என்றார் இன்னொருவர். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அண்ணன் கடைசியாகப் பேசினார். "டிக்கெட்டு ஊரெல்லாம் போயிட்டுது. அவங்களா வந்து புடிச்சா ஒளிச்சு வச்ச மாதிரி ஆயிடும். நானே போலீஸ் ஸ்டேஷனுக்கு எடுத்துக்கினு போறேன்."

"எழுதினது நான்தான். நானும் வருவேன்" என்றேன்.

"வேணாம் டீச்சர். நீங்க வெளிநாட்டுக்காரங்க. ஒப்பந்தத்தை ரத்து பண்ணி அனுப்பிப்புடுவான்."

"அனுப்பட்டும்ணே."

படகுக்காரர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். "மூணு பேரும் போவோம்."

துப்பாக்கியைப் பகுதி பகுதியாகக் கழற்றி ஒரு போர்வையில் விரித்தபடி எடுத்துப் போனோம். சுற்றி எடுத்துப்போனால் சந்தேகப்படுவார்கள் என்று அண்ணனுக்குத் தோன்றியது. வாசலில் நின்ற சிப்பாய்க்குப் பள்ளிப் பிள்ளை வயதுதான் இருக்கும். அவன் கையில் இருந்தது நிஜத் துப்பாக்கி. படகுக்காரர் அவனோடு ஃபிஜி மொழியில் நிதானமாகப் பேசினார். உள்ளே விட்டான்.

அதிகாரி வெளித்தீவு ஒன்றிலிருந்து வந்த ஃபிஜியர், பருமனானவர். போர்வையைப் பார்த்ததுமே அது என்ன என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கட்டையை எடுத்துத் தோளில் வைத்துக்கூடப் பார்த்தார். நான் டிக்கெட்டைக் காட்டி, தவறு என்னுடையது, வார்த்தை விட்டுப்போனது என்று விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்குத் தெரிகிறது அம்மா. ஆனால் விசை உள்ள எதுவானாலும் மேலே தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு. சுவாவிலிருந்து பதில் வரும்வரை இது இங்கே இருக்கட்டும்." விசைப் பெட்டியை மட்டும் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். மற்றதை எடுத்துப் போகச் சொன்னார்.

"எப்போ பதில் வருமுங்க?" என்று அண்ணன் கேட்டார்.

அவர் தோளைக் குலுக்கினார்.

அண்ணன், "தண்ணி படாம வைங்க சார். எண்ணெய் போட்டிருக்குது" என்றார். அதிகாரி மேசையிலிருந்த பழைய செய்தித்தாளை எடுத்து அதைச் சுற்றிவைத்தார்.

அந்த விசையைச் செய்ய அண்ணனுக்கு நாலு மாதம் ஆகியிருந்தது. குடும்பத்தோடு நியூசிலாந்துக்குக் குடிபோக அவருக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. மூத்த மகள் அங்கே இருந்தாள். ஆலை வேலையை விட்டாகிவிட்டது, வீட்டுக்கும் ஆள் பார்த்தாகிவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போது அவர் மார்க்கெட்டில் இறங்கி ஒரு கடைக்குள் போனார். கையில் இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடுகளோடு திரும்பி வந்தபோதுதான் அவர் என்ன முடிவு செய்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

ஆலையின் கழிவுக் குவியலிலிருந்து ஃபோர்மேனிடம் கேட்டு ஒரு துருப்பிடிக்காத எஃகுத் தகடு வாங்கி வந்தார். வரைபடம் எதுவும் இல்லை. முதல் விசையின் அளவுகள் எல்லாம் அவர் விரலில்தான் இருந்தன. விடிந்ததும் கொட்டகைக்குப் போவார், வெளிச்சம் இருக்கிறவரை நிற்பார். அதுவரை விசையை வேறு யாரையும் தொடவிடாதவர், இப்போது பாகங்களைப் பிரித்துக் கொடுத்தார். கொக்கியும் நாக்கும் சுழல்கிற ஊசிகள் இரண்டும் படகுக்காரருக்கு. கொக்கியின் முகத்தைக் கண்ணாடி போலத் தேய்க்கும் வேலை எனக்கு. பள்ளி விட்டதும் புத்தகப் பையை வீட்டுக்குள் எறிந்துவிட்டு ஓடுவேன்.

அவர் மனைவிக்கு ஆத்திரம். "பொட்டி கட்ட ஆளில்ல. இவரு இரும்பைத் தேய்ச்சுக்கினு கீறாரு. ஆக்லாந்துல போயி இதையா சாப்பிடப் போறோம்?" என்று தேநீர்த் தம்ளரை வைத்துவிட்டுப் போவார். ஐந்தாம் நாள் வைத்துவிட்டுப் போகவில்லை. தகட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு கை போதாமல் அண்ணன் திண்டாடுவதைப் பார்த்துவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு தகட்டைக் கவ்வியிருந்த வைஸின் பிடியை இறுக்கிப் பிடித்தார். பிறகு தினமும் பிடித்தார்.

ஒன்பதாம் நாள் பூட்டிப் பார்த்தோம். ஒரு ரப்பரை இழுத்து மாட்டியபோது நின்றது. இரண்டாவதை மாட்டிய நொடியில், யாரும் தொடாமலே, விசை வழுக்கிவிட்டது. ஈட்டி எனக்கு ஒரு முழம் தள்ளிப் பறந்து தகரச் சுவரைத் துளைத்து அப்பால் கரும்பில் போய் விழுந்தது. அண்ணன் முதலில் என்னைத்தான் பார்த்தார். எனக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு முக்காலியில் உட்கார்ந்தார்.

அண்ணனை ஹிந்தி முறையில் 'பையா' என்று கூப்பிடும் படகுக்காரர் மெதுவாகச் சொன்னார். "விடுங்க பையா. விசையை மட்டும் சுவாவில் கடையில் வாங்கிக்கலாம். யாரும் கேட்கமாட்டாங்க."

"கையால செஞ்சதுன்னு டிக்கெட்டுல போட்டிருக்குது" என்றார் அண்ணன். "துட்டு குடுத்தவன் அதைப் படிச்சிட்டுத்தானே குடுத்தான்?"

கொக்கியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் தேய்ப்பில் குறை இல்லை, சரிவை அவரே அவசரத்தில் மாற்றி வெட்டியிருக்கிறார் என்றார். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாரா, உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் கொக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை வெட்ட ஆரம்பித்தார். பெட்டிகள் எல்லாம் கட்டி வராந்தாவுக்கு வந்துவிட்டன. அவர் அரத்தை விடவில்லை.

பதினோராம் நாள் காலை ஈட்டியைக் கயிற்றால் கட்டி, எல்லாரையும் பின்னால் நிற்கவைத்து, இரண்டு ரப்பரும் மாட்டினோம். நின்றது. ஈட்டியின் வாலைச் சுத்தியால் தட்டினார், நின்றது. கட்டையைத் தரையில் தொப்பென்று போட்டார், நின்றது. பிறகு நாக்கை ஒரே விரலால் இழுத்தார், போனது. ஐம்பது தடவை மாட்டி ஐம்பது தடவை விட்டார்கள். எண்ணியது நான். ஐம்பது ஆனதும் அண்ணன் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "இப்போ குளிக்கணும்" என்றார்.

மறுநாள் விமான நிலையத்தில் அவரும் படகுக்காரரும் கட்டிப்பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்கள். அண்ணனின் நகக்கண்ணில் அப்போதும் கறுப்பு இருந்தது. என்னிடம், "டிக்கெட்டைத் திருத்துங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

திருத்தினேன். திரும்ப வந்த கட்டுகள், விற்காத கட்டுகள் எல்லாவற்றிலும் விட்டுப்போன வார்த்தையைப் பேனாவால் எழுதினேன். விற்றுப்போன டிக்கெட்டுகளுக்காக மார்க்கெட்டிலும் கோவிலிலும் தேவாலயத்திலும் அறிவிப்பு ஒட்டினோம். இரண்டு மாதம் கழித்துப் போலீஸிலிருந்து முதல் விசை அதே செய்தித்தாளில் திரும்பி வந்தது. படகுக்காரர் அதைத் தன்னுடைய பழைய துப்பாக்கியில் பொருத்திக்கொண்டார்.

குலுக்கல் எங்கள் பள்ளி மண்டபத்தில் நடந்தது. எண் விழுந்தது சுவாவில் நகாசிப் பக்கம் குடியிருந்த ஒரு நர்ஸுக்கு. யாரோ நோயாளியின் மகன் விற்ற டிக்கெட். பரிசை வாங்கிக்கொள்ள அவள் வீட்டு ஆண்கள் யாராவது வருவார்கள் என்று நினைத்தோம். அடுத்த சனிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து அவளே வந்தாள். வெளித்தீவு ஒன்றில் பிறந்த ஃபிஜியப் பெண், முப்பது வயது இருக்கும். துப்பாக்கியைக் கையில் வாங்கினாள். பாராட்டி எதுவும் சொல்லவில்லை. ரப்பரை இழுத்துப் பார்த்தாள், பள்ளத்தில் விரலை ஓட்டினாள், நாக்கை இழுத்தாள், மறுபடி இழுத்தாள்.

"இதைச் செய்தது யார்?"

ஒவ்வொரு பகுதியாகச் சொன்னேன். கட்டை செய்தவர் வான்கூவரில் இருக்கிறார். விசை செய்தவர் ஆக்லாந்தில். ஈட்டி செய்தவர் இதோ நிற்கிறார். கடைசியில், கொக்கியைத் தேய்த்தது நான் என்றும் சொல்லிக்கொண்டேன்.

"பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதா?" என்று கேட்டாள். நாலு மணி வரை இருந்தது.

படகில் புது மோட்டார் பொருத்தியிருந்தார்கள். படகுக்காரர் ஓட்ட, அவளும் நானும் ஏறினோம். நான் உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொண்டு பலகையை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். பவளப்பாறைக்கு வெளியே அவள் தன் உடுப்புக்கு மேல் ஒரு பழைய சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். முதல் தடவை வெறும் ஈட்டியோடு வந்தாள். இரண்டாவது தடவை கீழே போனவள் வரவே இல்லை. நான் படகுக்காரரைப் பார்த்தேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கட்டை முதலில் மேலே வந்தது, கைப்பிடி நிமிர்ந்தபடி. பக்கத்திலேயே அவள் தலை. கையை நீட்டிப் பிடியைப் பற்றினாள். கட்டையையும் ஈட்டியையும் இணைக்கிற கயிற்றின் மறுமுனையில் அவள் கை நீளத்துக்கு ஒரு மீன். படகுக்காரர் தன் மொழியில் கத்திச் சிரித்தார். நானும் பலகையை விட்டுவிட்டுக் கை தட்டினேன்.

அன்றே அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. தமிழ் எழுத வராததால் மகளை விட்டு இங்கிலீஷில் எழுதச் சொல்லியிருந்தார். நலம் விசாரிப்பு ஒரு வரி. மற்றதெல்லாம் கேள்வி. எவ்வளவு ஆழத்தில் சுட்டாள்? முதல் தடவை ஏன் தவறியது? ஈட்டி நேராகப் போகிறதா, இறங்குகிறதா? நாக்கு இழுக்கக் கடினமா?

எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. பள்ளி அலுவலகத்திலிருந்து அவள் வேலை செய்த ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் போட்டேன். வார்டிலிருந்து அவளைக் கூப்பிட்டு வர நேரமானது. கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். அவள் ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னாள். ஆழம் எட்டு ஆள் இருக்கும். முதல் தடவை தவறியது தன் அவசரம். நாக்கு அருமை, அதைத் தொடவே வேண்டாம். ஆனால் தூரத்தில் ஈட்டி கொஞ்சம் கீழே இறங்குகிறது, ஒரு விரல் அளவு.

"ஒரு விரலா?" என்று எழுதிக்கொண்டே கேட்டேன்.

"அதை விடக் குறைவு" என்றாள். "சுண்டுவிரல் என்று எழுதுங்கள்."